கடலைக்காட்டில் திரும்பிய இறக்கை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், மாசி மாதத்தில், எங்கள் ஊர் முக்கில் ஒரு காற்றாலை இறக்கை வந்து மாட்டிக்கொண்டது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எங்கள் ஊருக்குள் வரும் ரோடு அந்த முக்கோடு முடிந்து, இடமும் வலமுமாகப் பிரியும். காற்றாலை நடுகிற மேட்டுக்கு இடப்பக்கம் திரும்பிப் போக வேண்டும். திரும்பும் மூலையில் பெரியப்பாவின் வீடு. அதற்கு முந்தின வருடம்தான் அவர் ரோட்டை ஒட்டிக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்திருந்தார். எதிர் மூலையில் டிரான்ஸ்ஃபார்மர். நேர் எதிரே, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம், எங்கள் கடலைக்காடு. பெரிய லாரி ஒன்று ஒரு வெள்ளை இறக்கையைச் சுமந்துகொண்டு வந்து, பாதி திரும்பி, அப்படியே நின்றுவிட்டது. இன்னும் ஒரு முழம் நகர்ந்தால் இறக்கையின் வயிறு சுவரில் உரசும். பின்னால் எடுத்தால் வால் டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் இடிக்கும். தெருவை விட நீளமான ஒரு பொருளை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

முதல் நாள் அது வேடிக்கை. பொள்ளாச்சி பஸ் திரும்பிப் போனது. வெயில் தாங்காமல் பள்ளிக்கூடத்தை மதியத்தோடு விட்டிருந்ததால் நாங்கள் எல்லோரும் லாரியின் நிழலில் விளையாடினோம். இரண்டாம் நாள் வேடிக்கை தீர்ந்துபோனது. பால் வண்டி ஊருக்குள் வர முடியவில்லை. பெண்கள் பால் கேன்களைத் தலையில் வைத்து லாரிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மேட்டில் காத்திருந்த பெரிய கிரேனை அதற்கடுத்த நாள் சாயங்காலம் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். அதற்குள் இறக்கை போய்ச் சேராவிட்டால் அந்த வருடத்துக் காற்று வீண். அவர் கோயம்புத்தூர்க்காரர், தலையில் மஞ்சள் தொப்பி வைத்த இளவயதுக்காரர். சுவரில் ஒரு பத்தடியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொடுக்கிறோம் என்று பெரியப்பாவிடம் கேட்டுப் பார்த்தார். ஊரை வேண்டுமானால் இடித்துக்கொள்ளுங்கள், என் சுவரைத் தொடக்கூடாது என்கிற பொருளில் பெரியப்பா ஏதோ பதில் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா டிராக்டரோடு வந்து சேர்ந்தாள்.

அப்பா மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த பிறகு, அம்மா டிராக்டர் ஓட்டப் பழகி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊரில் பாதிக் காடுகளுக்கு அவள்தான் உழவு ஓட்டினாள். பெரியப்பா மட்டும் நல்லேப்பிள்ளியிலிருந்து வண்டி வரவழைப்பார். பொம்பளை உழுதால் மண் கோபித்துக்கொள்ளும் என்று அவர் சொன்னதாகக் கேள்வி. அம்மாவிடம் நேராகச் சொல்லவில்லை. அம்மாவிடம் அவர் எதையுமே நேராகப் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை அப்பாவிடம் சொல்லுவார், அப்பா எங்களிடம் சொல்லுவார்.

அம்மா இறங்கி இறக்கையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தாள். பிறகு டிராக்டரில் கிடந்த வடக்கயிற்றை எடுத்து, இன்னொரு கயிற்றை முடிந்து, இறக்கையின் நீளத்துக்கு அளந்து வெட்டினாள். எங்களைக் கூப்பிட்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்து விறைப்பாக நிற்கச் சொன்னாள். பன்னிரண்டு பேர். நான் நடுவில், அதாவது இறக்கையின் வயிறு.

முதலில் ரோட்டில் திரும்பிக் காட்டச் சொன்னாள். கயிறு தளராமல் நாங்கள் திரும்ப, நான் போய்ப் பெரியப்பா சுவரில் முட்டினேன். அடுத்து, ரோட்டை விட்டுவிட்டு நேராகக் கடலைக்காட்டுக்குள் இறங்கி, அகலமாக வளைந்து, இடப்பக்கத்து ரோட்டில் போய் ஏறச் சொன்னாள். ஏறினோம். யாரும் எதிலும் முட்டவில்லை.

சூப்பர்வைசர் எங்களை இன்னொரு தரம் அப்படியே நடந்து காட்டச் சொன்னார்.

அப்பா ஊன்றுகோலோடு வாய்க்கால் கரையில் நின்றிருந்தார். கடலை இன்னும் பத்து நாள் முற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்த வருடத்தோடு சேர்த்து இரண்டு ஐப்பசி மழை எங்களை ஏமாற்றியிருந்தது. கிணற்றில் மோட்டார் ஓட்டினால் அரைமணி நேரத்தில் காற்றுதான் வரும். அந்தத் தண்ணீரில் பிழைத்த கடலை அது.

அம்மா சொன்னாள்: "மழைதான் நம்மளக் கைவிட்டுப்போச்சுங்க. காத்து இருக்குதில்லீங்க, அதையாச்சும் வேலை வாங்கலாம்."

அப்பா ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, முதல் செடியை அவரே பிடுங்கினார்.

அடுத்த கேள்வி, லாரியைக் காட்டுக்குள் எந்தப் பக்கமாக இறக்குவது என்பது. சமதளமாக இருந்த மேற்குப் பக்கத்தைச் சூப்பர்வைசர் காட்டினார். அம்மா கடப்பாரையை எடுத்து அங்கே குத்தினாள். கேப்பைக்களியில் குத்தியது போல அது இறங்கியது.

"கருமண்ணுங்க. மேலாலதான் காஞ்சிருக்குது. போன வாரம் தண்ணி பாஞ்ச இடம்," என்றாள். கிழக்கே போய்க் குத்தினாள். கடப்பாரை கணீரென்றது. "இங்க அடியெல்லாம் சரளை. உழுகறப்பக் கலப்பை துள்ளுமுங்க, எனக்குத் தெரியும்."

விடிந்ததும் ஊரே கடலைக்காட்டில் இருந்தது. தண்ணீர் விட்டுப் பிடுங்கினால் லாரி புதையும், கலப்பை போட்டால் மண் இளகும். அதனால் களைக்கொத்தை வைத்து ஒவ்வொரு செடியாகக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். பால் கேன் சுமந்த பெண்கள், பஸ் இல்லாமல் வேலைக்குப் போகாதவர்கள், லாரியோடு வந்த வடநாட்டுப் பையன்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கொத்தினார்கள். நாங்கள் பச்சைக் கடலையைத் தின்றுகொண்டே கொடியைக் கட்டுக் கட்டினோம். மதியத்துக்குள் அகலமான ஒரு பாதை தெரிந்தது. இறங்கவும் ஏறவும் வாய்க்காலில் இரண்டு இடத்தில் குழாயைப் போட்டு, மணல் மூட்டை அடுக்கி, மேலே இரும்புத் தகடு விரித்தார்கள்.

லாரி டிரைவர் தாடி வைத்த பெரியவர். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. அம்மா லாரிக்கு முன்னால் பின்நடையாக நடந்துகொண்டே கையைக் காட்ட, அவர் அந்தக் கையை மட்டும் பார்த்து ஓட்டினார். இரும்புத் தகடு முனகியது. லாரி காட்டுக்குள் இறங்கியது. இறக்கை எங்கள் தலைக்கு மேலே மெல்ல நகர்ந்தது.

பாதி வளைவில் பின்சக்கரம் ஒன்று ஒரு சாண் புதைந்து நின்றது. சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அம்மா ஓடிப்போய் ஒரு கட்டுக் கடலைக்கொடியைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு முன்னால் திணித்தாள். மாட்டுக்கென்று வைத்திருந்த தீவனம் என்று யாரும் யோசிக்கவில்லை. ஆளுக்கொரு கட்டாகக் கொண்டுவந்து போட்டார்கள். சரளையை அள்ளிக் கொட்டினார்கள். அம்மா கையை உயர்த்தி, மெல்ல மடக்கினாள். லாரி ஒருமுறை உறுமி, கொடியை நசுக்கி மேலேறி, பிறகு நிற்கவேயில்லை. கடைசிச் சக்கரமும் ரோட்டில் ஏறியதும் டிரைவர் அடித்த ஹாரன் சத்தத்தில் காட்டிலிருந்த கொக்குகளெல்லாம் எழும்பின.

அவர் இறங்கி வந்து அம்மாவைக் கைகூப்பிக் கும்பிட்டார். பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறச் சொன்னார். முழங்கால்வரை மண்ணோடு அம்மா ஏறி உட்கார்ந்தாள். மேடுவரைக்கும் வழிகாட்ட வேண்டுமாம். இருந்ததே ஒரே ரோடுதான். லாரி நகர்ந்தபோது நான் பின்னால் ஓடினேன். ஊரில் பாதி ஓடியது.

கொழிஞ்சாம்பாறையில் காத்திருந்த மற்ற இரண்டு இறக்கைகளும் அன்று சாயங்காலத்துக்குள் அதே வழியாக மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. வைகாசியில் அந்தக் காற்றாடி சுற்றத் தொடங்கியது. எங்கள் வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். கரி எரித்துக் கரண்டு எடுத்தால் பூமி சூடாகும், இதனால் ஆகாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்ததை நான் பாதிதான் வாங்கிக்கொண்டேன். காற்றாடி சுற்றுவதால்தான் காற்று வருகிறது என்று நினைத்துக்கொண்டு, இந்த ஊருக்குக் காற்று எங்கள் கடலைக்காட்டால் வந்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன். டீச்சர்கூடத் திருத்தவில்லை.

அந்த மாதமே ஒருநாள் நல்ல மழை பெய்தது. மறுநாள் காலையில் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அப்பா கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அவரைத் தாண்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து நின்றார்.

"அம்மிணி, மண்ணு பதமா இருக்குது. நம்ம காட்டுக்கு ஒரு உழவு ஓட்டோணும்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாளியைக் கீழே வைக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

"இன்னைக்குத் தோதில்லீங் மாமா. நாளைக்கு வர்றனுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. டிராக்டர் டீசல் நிரப்பி வாசலிலேயே நின்றது. பெரியப்பா பாவம், மழை ஈரம் காய்வதற்குள் உழவேண்டுமே என்று இரக்கப்பட்டு, வண்டி சும்மாத்தானே நிற்கிறது, இன்றைக்கே போகலாமே என்று நான் உரக்கச் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பெரியப்பா எங்கள் டிராக்டரை ஒரு பார்வை பார்த்தார். "அட, நாளைக்கே வா சாமி," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உதவி கேட்டு வந்தவரை ஒரு காரணமும் இல்லாமல் ஒருநாள் காக்க வைத்துவிட்டாளே என்று எனக்கு அம்மாமேல் அன்று முழுக்கக் கோபம்.