என்னுடையது என்று கத்திய கண்கள்

வில்லியனூரில் நான் பேனர் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கண்களில் நீர் வடிய, நடுவே குத்துவிளக்கு எரியும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என் சொந்த டிசைன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். அதையே போட்டிக் கடைக்காரன் அடித்து, கரியமாணிக்கத்தில் ஒரு சாவு வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தான். பிணத்தை இன்னும் எடுக்கவில்லை. மேளச் சத்தத்தையும் மீறி வாசலில் நின்று கத்தினேன்.

"இது என் காப்பிரைட்டு. கேசு போட்டா அவன் கம்பி எண்ணணும்."

இறந்தவரின் மகள் அழுத முகத்தோடு எழுந்து வந்து போஸ்டரை உற்றுப் பார்த்தாள்.

"இந்தக் கண்ணு உன்னுதாண்ணா?"

"என்னுதுதான்."

"அதுமேல மங்கலா இங்கிலீஷ்ல இன்னாமோ கம்பெனி பேரு ஓடுதே. அதுவும் உன்னுதா?"

இணையத்தில் நான் திருடிய படம் அது. உரியவன் பெயரை அழிக்கக்கூட எனக்குத் துப்பில்லை. போட்டிக்காரன் என் கடைப் பெயரையாவது சுத்தமாக அழித்திருந்தான்.

"ஓரமா நில்லுண்ணா. அப்பாவை எடுக்கணும்," என்றாள்.

நின்றேன்.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இன்றும் அதே கண்களைத்தான் அடிக்கிறேன். பெயரை அழிக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.