இரண்டு மணித்தியாலம் முந்தி வருகிறவர்

பிள்ளைகளே, உங்களுக்குப் பிரெஞ்சில் வாசிப்பதுதான் சுகம். ஆனால் பெரியப்பாவைப் பற்றி எனக்குத் தமிழில்தான் எழுத வரும். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களும் நண்பர்களும் எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

பெரியப்பா பருத்தித்துறையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். இளவயதிலேயே அகதியாக மொன்றியலுக்கு வந்து, உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். அங்கே சமையல் செய்த ரெஜானோடு சேர்ந்து கிடார் வாசிக்கத் தொடங்கியவர், நாற்பது வருடம் நிறுத்தவில்லை. மெட்ரோ வாசலில், மதுக்கடையில், கோடை விழா மேடையில் என்று எங்கும் பாடினார். வயலில் நெல் அறுக்கும்போது பாடும் எங்கள் அருவிவெட்டுப் பாட்டுகளைப் புளூஸ் மெட்டில் பாடுவார்.

"புளூஸ் எண்டால் என்ன அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அடிமையாப் பருத்தி பிடுங்கின சனத்தின்ர பாட்டடா. வெயிலுக்கை குனிஞ்சு நிண்டவனுக்கு விளங்கும். உனக்கும் குனிஞ்சு குனிஞ்சு நாரி நோகட்டும், விளங்கும்."

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குளிரில் இருந்து கொண்டுவந்த கிடாரின் பெட்டியை உடனே திறந்தால் மரம் வெடித்துவிடும். அதனால் எங்கே போனாலும் இரண்டு மணித்தியாலம் முந்திப் போய், பெட்டியைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பார்.

இனி நான் எழுதப் பயந்ததை எழுதுகிறேன்.

உங்கள் அப்பப்பா காலமானபோது பெரியப்பா காஸ்பே பக்கம் பாடப் போயிருந்தார். பனிப்புயலில் வீதியை மூடிவிட்டார்கள். ஈமக்கிரியை நாள் காலையில்தான் அவரால் வந்து சேர முடியும் என்ற நிலை. தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பதே எங்கள் முறை. ஆனால் எங்கள் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தோள்மட்டும் தலைமயிர், காதிலை தோடு. அவன் கொள்ளி வைச்சால் சனம் சிரிக்கும். நீ செய் தம்பி."

"அண்ணை இருக்கேக்கை நான் எப்பிடி?"

"நேரத்தைப் பிந்திச் சொல்லு. அவன் வரேக்கை எல்லாம் முடிஞ்சிடும்."

சித்தப்பாவைக் குறை சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்தது என் கை. கிரியை எட்டு மணிக்கு. நான் ஒன்பதரை என்று சொன்னேன்.

"சரியடா, வாறன். அழாதை," என்றார் பெரியப்பா.

அன்று காலை ஏழு மணிக்கே, அப்பாவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் நின்றேன். வெளியே பனி கொட்டியது. "கொள்ளி வைக்கிறது ஆர்?" என்று ஐயர் கேட்டார். சித்தப்பா என்னைக் காட்டினார். வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலையே பார்த்தேன். அவர் வந்துவிட வேண்டும் என்றும், வந்துவிடக் கூடாது என்றும் மாறி மாறி நினைத்தேன்.

ஏழரைக்குக் கதவு திறந்தது. தலையெல்லாம் பனியோடு, கையில் கிடார்ப் பெட்டியோடு பெரியப்பா நின்றார்.

"செத்தவீட்டிலையும் கச்சேரியோ?" என்றது ஒரு குரல்.

"காரிலை விட்டால் வெடிச்சுப்போம். வாசிக்கக் கொண்டுவரேல்லை."

சொல்லிக்கொண்டே வாசல் பலகையைப் பார்த்தார். எட்டு மணி என்று எழுதியிருந்தது. பிறகு என் வேட்டியைப் பார்த்தார்.

"நேரம் இருக்கு," என்றார். "ஆரிட்டையும் கத்தரிக்கோல் இருக்கோ?"

முப்பது வருடம் வளர்த்த தலைமயிரை நின்ற நிலையிலேயே வெட்டுவித்து, தோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தார். அதன்பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். ஒருநாளாவது அதைப்பற்றிக் கேட்டதில்லை.

இந்த மார்கழியில் அவருடைய ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "அண்ணை, அண்டைக்கு நான் நேரம்..." என்று தொடங்கினேன்.

"எனக்குத் தெரிஞ்சதை எனக்கேன் சொல்லுறாய்? உன்ர பிள்ளையளுக்குச் சொல்லு."

அதனால்தான் சொல்கிறேன்.

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்குக் கொள்ளி வைத்தவன் நான். அவரைப் பார்த்த தாதிமாருக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், பனியில் வந்த எல்லோருக்கும், தள்ளாத வயதிலும் வந்து அவருக்காக வாசித்த ரெஜானுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

பெரியப்பாவின் கிரியை அன்று நான் ஏன் விடிய ஆறு மணிக்கே வீட்டை விட்டுப் போனேன் என்று கேட்டீர்கள். அவருடைய கிடாரை மலர்ச்சாலைக்குக் கொண்டு போனேன். ரெஜான் வரும்வரை, திறக்காத அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன்.