பல்லக்காவின் ஆறு வாரம்

பொய்ப்பல் செய்யும் லேப் ஒன்றில் பதினேழு வருஷம் வேலை பார்த்ததில் அவளுக்குப் பல்லக்கா என்று பேர் வந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை லேப்புக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை வடித்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. நிறம் பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சிகரெட் பிடிக்கிறவருக்கு ஓரத்தில் மட்டும் ஏறியிருக்கும் பழுப்பைக்கூட விடமாட்டாள்.

தனியாக லேப் வைக்க வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த சமயத்தில் எட்டிப்பார்த்தது, மகள் கல்லூரிக்குப் போகிறபோது மனசை முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு அறை காலியாகக் கிடந்தது. வெயில் நேராக அடிக்காத பெரிய ஜன்னல். பல்லின் நிறம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. சாப்பாட்டு வேளையில் கீழ்வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு அங்கே போய் நிற்பாள். மேஜை இங்கே, மெழுகு அடுப்பு அங்கே என்று காலடியாலேயே அளப்பாள். அந்த அமைதியில் தன் செருப்புச் சத்தத்தைக் கேட்பதே அவளுக்குச் சுகமாக இருந்தது.

அதே தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா வேறு தூபம் போட்டுக்கொண்டிருந்தார். "நீ ஆரம்பிச்சிரும்மா. என் வேலை மொத்தமும் உனக்குத்தான்."

இந்த நேரம் பார்த்து லேப் முதலாளிக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆறு வாரத்துக்கு லேப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தார். வீட்டில் சொன்னதும் பஸ் கண்டக்டரான அவள் கணவருக்கு ஒரே சிரிப்பு.

"டிக்கெட் எடுக்காமலே சீட்ல உக்காந்து பாக்கச் சொல்றாங்க. உக்காந்து பாரு. பிடிச்சிருந்தா டிக்கெட் எடுத்துக்கலாம்."

முதல் வாரம் நன்றாகவே போனது. புதிதாக ஒரு டாக்டர்கூட வேலை அனுப்பினார். இரண்டாவது வாரத்திலிருந்து போன் ஓயவில்லை. வெள்ளிக்கிழமை தர வேண்டியதை வியாழக்கிழமையே கேட்டால் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பாக்கறேன் டாக்டர்" என்பாள். அவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். வரவேண்டிய பிளாஸ்டர் மூட்டை வரவில்லை. கடைக்காரரிடம் நான்கு தடவை கெஞ்சினாள். ஐந்தாவது தடவை படுக்கையில் இருந்த முதலாளியே போன் போட்டார், மத்தியானம் மூட்டை வந்து இறங்கியது.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவன் பொண்ணு கல்யாணம் எப்பன்னு விசாரிச்சேன். பேச்சுவாக்குல பக்கத்துக் கடைக்காரன் ஆர்டர் கேட்டு வந்து போனதையும் சொன்னேன்."

அவளுக்கு அது ஆயுசுக்கும் தோன்றியிருக்காது.

லேப்பில் அவளைத் தவிர மூன்று பேர். அதில் நெட்டையன் என்கிறவன் இரண்டு குழந்தைகளுக்கு அப்பா, சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் வடித்த பல் கடிக்கும் இடத்தில் இம்மி தூக்கலாக இருந்தது. சொன்னால் முகம் வாடிவிடுமே என்று, அவன் வீட்டுக்குப் போன பிறகு தானே புதிதாகச் செய்து அனுப்பிவிட்டாள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. நான்காவது வாரம் நெட்டையன் அவள் மேஜைக்கு எதிரே வந்து நின்றான்.

"அக்கா, நேத்து நான் வெச்சுட்டுப் போனது வேற. இன்னிக்குப் போனது வேற."

"சின்னக் குறைதான் தம்பி. நானே பாத்துட்டேன்."

"நீங்களே பாத்துக்கிட்டா நான் எதுக்குக்கா?"

அவள் அன்று அவன் செய்ததைத் தொடாமல் அப்படியே அனுப்பினாள். அனுப்பிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டு, பல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்றார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. நாளைக்கும் இப்படி ஒரு பல் போகுமே என்றுதான் நினைப்பு ஓடியது.

ஆறு வாரம் முடிந்து முதலாளி கைத்தடியோடு வந்து சேர்ந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"என் வேலைன்னு ஒரு பல்லைத் தொட்டுப் பத்து நாளாச்சுங்க."

"நான் தொட்டுப் பன்னெண்டு வருஷமாச்சு" என்றார் அவர். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்திலேயே பேர் பெற்ற கை அவருடையது. அவள் மேஜையில் இருந்த மெழுகுக் கத்தியை எடுத்து, ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். கோடு கோணலாகப் போனது. கத்தியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போன் எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் அவள் மாடி அறைக்குப் போய் வெகுநேரம் நின்றாள். மனசில் வழக்கம்போல மேஜையைப் போட்டாள், அடுப்பை வைத்தாள். நெட்டையனை எங்கே உட்கார வைப்பது என்று பார்த்தாள். இத்தனை நாளில் அந்த அறையில் வேறு யாருக்கும் அவள் நாற்காலி போட்டுப் பார்த்ததே இல்லை. போனுக்கும் இடம் ஒதுக்கவில்லை. கீழே இறங்கிவந்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, அறையை வேறு யாருக்காவது விட்டுவிடச் சொன்னாள். டாக்டரம்மாவிடமும் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் வற்புறுத்தவில்லை.

"பயந்துட்டியா?" என்றார் கணவர்.

"பயமெல்லாம் இல்ல. நான் ஆசைப்பட்டது ஒரு மேஜை, ஒரு ஜன்னல், நான் ஒருத்தி. அவ்வளவுதான்."

"அதுக்குப் பேரு வியாபாரம் இல்லியே."

"அதான் சொல்றேன்."

சிரிக்கப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்து இரண்டு பேருக்கும் டீ போட்டார்.

இரண்டு வருஷம் கழித்து நெட்டையன் தனியாக லேப் தொடங்கினான். டாக்டரம்மாவின் வேலை அவனுக்குத்தான் போனது. கை சுமார்தான். ஆனால் முடியாததை முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்ல அவனுக்குத் தெரியும். சுமாரான பல் ஒன்றை அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடவும் தெரியும். திறப்புக்கு அவளைத்தான் முதலில் கூப்பிட்டான். அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனாள், மேஜை விளக்கு நிழல் விழும் இடத்தில் இருப்பதைப் பார்த்துத் திருப்பி வைத்தாள், வாய் நிறைய வாழ்த்தினாள். எல்லாம் மனசோடுதான். திரும்பும் வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

முதலாளி கஷ்டமான வேலையை எல்லாம் இப்போது அவளுக்கென்றே எடுத்து வைக்கிறார். அதில் அவளுக்குப் பெருமைதான். மெழுகு ஆறக் காத்திருக்கும் சில மத்தியான வேளைகளில் மட்டும் அவளை அறியாமல் மனசில் ஒரு பெயர்ப்பலகை எழும்பும். எந்த எழுத்தை எந்த நிறத்தில் எழுதலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குள் மெழுகு இறுகிவிடும்.