சஃபாரி வேண்டாம் என்றவர்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் சுயம்பு டெய்லர் வீடு எங்கே என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சஃபாரி சுயம்பு என்று கேட்டால் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் ரயிலேறி வந்த மனிதர். டிரைவர், பியூன், கல்யாண மாப்பிள்ளை என்று பாதி பம்பாய்க்கு அரைக்கை சஃபாரி சூட் தைத்துப் போட்டவர். பிறகு அந்த ஃபேஷன் ஒழிந்தது, பெயர் மட்டும் அவரை விடவில்லை. முகம்மது ஹனீபின் யூனிஃபார்ம் பட்டறையில் சேர்ந்து முப்பது வருஷமாக வாட்ச்மேன் சட்டைக்கும் பள்ளிக்கூட டவுசருக்கும் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நல்ல மனுஷர்தான். ஆனால் எதையும் இரண்டாம் முறை கேட்கிற பழக்கம் கிடையாது. காதில் விழுந்த முதல் வார்த்தையிலேயே எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

ஹனீபின் மகன் ஜீஷான் இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. ஏப்ரல் கடைசியில் சுயம்புவின் போனுக்கு இந்தியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். முப்பது வருஷம் வேலை பார்த்ததற்காக அவருக்கு ‘ஏக் ஜோடி கா சஃபாரி’, தாடோபா, பேஞ்ச், கிர், மூன்றில் எது வேண்டுமோ நாளைக்குள் சொல்லவும் என்றான்.

தையற்காரர் காதில் ஜோடி என்றால் என்ன? மேல்சட்டையும் பேன்ட்டும். தாடோபா, பேஞ்ச், கிர் எல்லாம் புதிதாக வந்த துணி ரகமாக இருக்கும் என்று முடிவு கட்டினார். ஊருக்கெல்லாம் சஃபாரி தைத்தவனுக்கே சஃபாரியா என்று சிரிப்பு வேறு. உடனே பதில் சொன்னார், எனக்கு சஃபாரி வேண்டாம் தம்பி, அதுக்குப் பதிலா வீட்டுக்காரிக்கு நல்லதா ஒரு சேலை எடுத்துக் கொடுங்க என்று. பையனும் பெரியவர் அலைய விரும்பவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

ஒரு வாரம் கழித்துச் சேலைப் பெட்டி வந்தது. மனைவி முப்பிடாதியம்மாள் தரையில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து வரும் சட்டைகளில் தொங்கும் பிசிர் நூலைக் கத்தரிப்பது அவள் வேலை. எதிரே எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்த போன், காதில் ஒயர். சீரியல் பார்க்கிறாள் என்று இத்தனை வருஷமும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என்ன சீரியல் என்று கேட்டதில்லை.

மாம்பழ நிறச் சேலை. அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. முதலாளி மகன் எவ்வளவு மரியாதையாகப் பேசினான் என்று அவளும் கேட்கட்டுமே என்று சுயம்பு அந்த மெசேஜைச் சத்தமாகப் போட்டார், சஃபாரிக்கு மூணு ரகத் துணி சொன்னான், நான்தான் வேண்டாம்னுட்டேன் என்றபடி. தாடோபா என்றதும் முப்பிடாதியின் கத்தரி நின்றது. இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டார்.

“இது துணியில்ல,” என்றாள்.

“பெறவு?”

“காடு. புலி இருக்கிற காடு. நம்ம ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லி டிக்கெட் போட்டுக் குடுக்கேன்னுருக்கான்.”

சஃபாரி என்ற சொல்லை ஊசி முனையில் வைத்துப் பிழைத்தவர் சுயம்பு. அதற்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டென்று அறுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டார். முப்பிடாதி அழவில்லை, கத்தவும் இல்லை. போனைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினாள். ஒரு பெண்புலி மூன்று குட்டிகளோடு குட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“நாலு வருசமா இதத்தான் பாக்கேன். வேண்டாம்னு சொல்லுமுன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”

பிறகுதான் புத்தி வந்து சுயம்பு ஜீஷானுக்கு போன் போட்டார். பையன் சங்கடப்பட்டான். அந்தச் சீட்டை அப்போதே கட்டிங் மாஸ்டர் பைசானுக்குக் கொடுத்தாகிவிட்டது, அவர் பிள்ளைகளையும் கூட்டிப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டார், இனி எப்படித் திருப்பிக் கேட்பது என்றான். கேட்க முடியாதுதான்.

சாயங்காலம் பைசானே கூப்பிட்டார். நடந்த கூத்து எதுவும் தெரியாத அப்பாவி. சஃபாரி பாய், உங்களால் எனக்கு யோகம் அடித்தது, ஆனால் எந்தக் காட்டுக்குப் போவதென்று தெரியவில்லை, பெரியவள் சிங்கம் என்கிறாள், சின்னவன் புலி என்கிறான், நீங்கள் யாரையாவது விசாரித்தீர்களா என்று கேட்டார். சுயம்பு போனைச் சத்தமாக வைத்து மனைவி பக்கம் திருப்பினார். முப்பிடாதி கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள்.

மார்க்கெட்டில் வெண்டைக்காய் பேரம் பேசுகிற அதே இந்திதான். ஆனால் அவள் பேசியதைக் கேட்ட சுயம்பு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சிங்கம்தான் வேண்டுமென்றால் கிர் போங்கள், புலி என்றால் இந்த வெயிலுக்குத் தாடோபாதான் என்றாள். மே மாதம் காட்டில் தண்ணீர் வற்றிவிடும், புலி குட்டையை விட்டு நகராது, அதனால் கண்ணில் படுவதற்குத் தோது அதிகம். செவ்வாய்க்கிழமை காடு திறக்காது, பார்த்துப் போடுங்கள். காட்டுக்குள் நுழைகிற மோஹர்லி கேட் பக்கம் தங்குங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போங்கள், ஒரே தடவையில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகளுக்குச் சிவப்புச் சட்டை வேண்டாம். ஜீப்பில் சத்தம் போடக்கூடாது. தலைக்கு ஈரத்துண்டு கட்டி விடுங்கள்.

தனக்கென்று எடுத்து வைத்திருந்த காட்டை அவள் அப்படியே தூக்கி அடுத்தவர் கையில் கொடுத்தாள். ஒரு விஷயம்கூட ஒளிக்கவில்லை.

பைசான் அசந்து போனார். போன் சத்தமாக இருந்ததால் அவர் கேட்டது சுயம்புவுக்கும் கேட்டது. அண்ணி, நீங்கள் எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்?

முப்பிடாதி சேலைப் பெட்டியைப் பார்த்தாள்.

“ஏக் பார் பி நஹி,” என்றாள். ஒரு தடவைகூட இல்லை.

போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்து நூல் வெட்ட ஆரம்பித்தாள். சுயம்பு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் வாயில் வழக்கமாக வராத ஒன்று வந்தது.

“ஏளா, அந்தக் காட்டுப் பேர இன்னொரு தடவ சொல்லு.”