நக்கேரியில் இருந்த சித்தப்பா

ஆந்திரம் தனி மாநிலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் ஆந்திரத்துக்கு, எந்த ஊர் சென்னை மாநிலத்துக்கு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நான் சித்தூரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எல்லைக் கிராமங்களின் பெயர்களை நாள் முழுவதும் ஆங்கிலத்தில் அடிப்பேன். ஒரே ஊரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதி அனுப்புவார்கள்.

அந்த நாட்களில்தான் சித்தப்பாவைத் தேடினேன். யுத்தத்தின்போது நகரியை விட்டுப் போய், சரக்குக் கப்பலில் கரி தள்ளும் வேலையில் சேர்ந்தவர். இரண்டு கடிதங்களோடு தகவல் நின்றுவிட்டது.

"எவளையோ கட்டிக்கினு சீமையிலயே இருந்துட்டான்" என்பார் அவருடைய அண்ணனான என் நைனா. அதற்கு மேல் வீட்டில் பேச்சு கிடையாது.

பழைய கடிதத்தில் கப்பலின் பெயர் இருந்தது. சென்னையிலிருந்த கப்பல் கம்பெனிக்கு எழுதினேன். நகரிக்காரர் யாரும் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. ஒரு மத்தியானம், யாரோ தப்பாக எழுதிய ஊர்ப்பெயரைத் திருத்திக்கொண்டிருந்தபோது சட்டென்று கை நின்றது. சித்தப்பாவின் ஊரையும் கம்பெனியில் ஒருவன் இப்படித்தானே எழுதியிருப்பான்! நகரியை எப்படியெல்லாம் கெடுக்க முடியுமோ அப்படியெல்லாம் கெடுத்து, ஒன்பது விதமாக எழுதி அனுப்பினேன்.

இந்தத் தடவை கனமான உறை வந்தது. கம்பெனிப் பதிவேட்டில் சித்தப்பா 'நக்கேரி'யில் இருந்தார்! கப்பல் குண்டடிபட்டு மூழ்கியிருக்கிறது. அவர் பிழைத்து, வேறு கப்பல் ஏறியிருக்கிறார். அதில் போன யாரும் திரும்பவில்லை. வீட்டுக்கு அனுப்பிய அறிவிப்பு, அப்படி ஓர் ஊரே இல்லையென்று கம்பெனிக்கே திரும்பியிருக்கிறது. முதல் கப்பலிலிருந்து அவர்கூடப் பிழைத்த ஒருவர் பாகாலா ரயில்வேயில் இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு. அழுதுகொண்டே சிரித்தேன்.

சனிக்கிழமை பாகாலாவில் இறங்கி விசாரித்தேன். காலைச் சாய்த்து நடக்கும் ஒருவர் வந்தார். சித்தப்பாவின் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் அண்ணன் பொண்ணா நீ? குண்டு விழுந்தப்ப பாய்லர் ஆவி பட்டு கால் வெந்து கீழ கெடந்தேம்மா. மேல ஏறிப் போயிட்டவன், திரும்பி எறங்கி வந்து என்னத் தூக்கிக்கினு போனான். பதினோரு நாளு படகுல. நகரி, நகரின்னே பேசிக்கினு இருந்தான்."

"அதுக்கப்புறம் எங்களுக்கு ஒரு கடுதாசிகூட வரலியே?"

"எத்தினியோ எழுதினான். யுத்தத்துல எது போயி சேந்துது?"

அன்று சாயங்காலமே நகரிக்குப் போய் நைனாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"திரும்பி எறங்கினானா?" என்றார். "அந்த ஆளு எங்க கீறான்? நான் பாக்கணும்."

மறுநாள் இருவரும் பாகாலாவுக்குப் போனோம். நைனா கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் என்ன துன்னான், எப்படிச் சிரிப்பான், தன்னைப் பற்றி ஏதாவது சொன்னானா. ஊர் திரும்பும் மூன்று மணி ரயிலை விட்டோம். ஐந்து மணி ரயிலையும் விட்டோம்.