ஐந்து நிமிடம் என்று நான் எழுதிய கேள்வி

ஆற்றங்கரைகளில் கடிக்கும் சிறு ஈக்களால் பரவி, கடைசியில் பார்வையையே பறிக்கும் நோய் அது. அதற்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் எனக்கு வேலை. நோயாளிகள் மேற்கு ஆப்பிரிக்காவில். அவர்களுடைய படிவங்களைச் சரிபார்க்கும் நான், அவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முந்தி விடியும் தென்கடல் ஊரான ஆல்பனியில், மூன்றாம் மாடியில், ஹீட்டருக்குப் பக்கத்தில். யாழ்ப்பாணத்தில் கண் வார்ட்டில் தாதியாக இருந்தவள் என்பதால் கண் பக்கங்கள் எல்லாம் என் தலையில்.

முதலில் ஒரு மருந்து கொடுத்துப் புழுக்களைக் குறைப்பார்கள். பிறகு கண்ணைப் பார்ப்பார்கள். கண்ணுக்குள் புழு இல்லாதவர்களுக்கு மட்டுந்தான் மூன்று மருந்தும் சேர்த்து. இருந்தால் புழு உள்ளேயே செத்து, கண் வீங்கி, பார்வை போகலாம். கண்ணைப் பார்க்குமுன் நோயாளி முழங்கால்களுக்கு நடுவே தலையைக் கவிழ்த்து ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒளிந்திருக்கும் புழுக்கள் கண்ணின் முன்பக்கம் வந்து சேரும்.

ஒரு வயதான பெண்ணின் படிவத்தில் அந்த நிமிடக் கட்டம் வெறுமையாக இருந்தது. எனக்கோ மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும் அவசரம். அங்கிருக்கும் தாதிக்கு எழுதினேன்: “ஐந்து நிமிடம் என்று எழுத மறந்துவிட்டீர்களா?” மறுநாள் காலை பதில் வந்திருந்தது: “ஆம், ஐந்து நிமிடம்.” சரி போட்டேன். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லியே உயிரை வாங்குகிறவள் நான்தான்.

அன்று மாலை ஏழரைக்கு மகளைக் கேட்டேன்: “பல்லுத் தீட்டிட்டாய்தானே?”

“யெஸ் அம்மா.”

பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. பிள்ளையின் மேல் கோபம் வரவில்லை. நான் கேட்ட கேள்விக்கு வேறென்ன பதில் வரும்? சட்டென்று அந்தப் படிவம் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு மாலை ஏழரை என்றால் அவர்களுக்குக் காலை ஏழரை. எட்டு மணிக்கு மாத்திரை கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

“ஐயோ, விசரி!”

“ஆரையப்பா ஏசுறீர்?” என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

“என்னைத்தான். பிள்ளையைப் பாருங்கோ, நான் ஒரு கோல் எடுக்கோணும்.”

தாதி கிடைத்தார். அந்தப் பெண் எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“குனியவே இல்லை. இடுப்பு வலி. நீங்கள் ஐந்து என்று எழுதியிருந்தீர்கள், உங்களுக்கு ஐந்துதான் வேண்டுமாக்கும் என்று நினைத்தேன்.”

மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். கட்டில் விளிம்பில் தலை தொங்கக் குப்புறப் படுக்கவைத்து, மறுபடி பார்த்தார்கள். வலக்கண்ணில் இரண்டு புழுக்கள், உயிரோடு. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு துணி துவைக்கும் அறைக்குள் போய் நின்று அழுதேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் நடந்ததை நானே எழுதிக்கொடுத்தேன். பக்கத்து மேசைத் தம்பி மதுரைக்காரர், நல்ல மனம். “விடுங்க அக்கா, அதான் அந்தம்மா தப்பிச்சிட்டாங்கல்ல?” என்றார்.

“பொறுங்கோ தம்பி” என்று சொல்லிவிட்டு என் பழைய கேள்விகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மதியத்துக்குள் அகப்பட்டது. அதே வாக்கியம், அதே பதில். இந்த முறை ஒரு மீனவர். மூன்று மருந்தும் விழுங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் தாதியை அழைத்தேன். மீனவர் நன்றாக இருக்கிறார்தானே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஓம் என்று ஒரு சொல் கேட்டால் போதும் போலிருந்தது. விழுங்கிக்கொண்டு, “அவருக்குப் பார்வை எப்படி இருக்கிறது?” என்றேன்.

“நேற்று வந்தார். வலையில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லையாம்.”