உட்காரக் கேட்ட ஜமுக்காளம்

இரவல் வாங்கிய அண்டாவைத் தெருவில் கவிழ்த்துப்போட்டு, சுற்றிச் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்க்கிறார் சுருளியாண்டி. பிறகு கொடுத்தவரையே கூப்பிட்டுக் காட்டுகிறார். "அண்ணாச்சி, இங்கன ஒரு நெளிவு. இந்தக் காது லேசா ஆடுது. பாத்துக்கிடுங்க. நாந்தான் நெளிச்சேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது." திரும்பி வரும்போது அண்டாவின் காது ஆடாது. பற்றவைத்த கூலி அவர் செலவு. இதைத் தெரிந்துகொண்ட சின்னமனூர்க்காரர்கள், இவர் வந்து கேட்டால் ஓட்டை உடைசலாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. இரவல் வாங்காமல் குடும்பம் ஓடாது. ஆனால் எதற்கென்று கேட்டு வாங்கினாரோ, அதைத் தாண்டி இம்மியளவும் நகர மாட்டார். ஒருமுறை செய்தி கேட்க டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். செய்தி முடிந்து பாட்டுத் தொடங்கியதும் டக்கென்று அணைத்துவிட்டார்.

"ஒரு பாட்டக் கேட்டா அது தேஞ்சா போகும்?" என்று சண்டைக்கு வந்தாள் மனைவி முருகம்மாள்.

"செய்திக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் பாட்டக் கேட்டா அது களவுல்ல?"

அடைகாக்க வந்த இரவல் கோழி, திருப்பிக் கொடுக்கப் போகிற நேரம் பார்த்து ஒரு முட்டை இட்டது. முட்டையும் கோழியோடு போய்ச் சேர்ந்தது. முருகம்மாள் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. பேசியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

சென்ற தையில் மகள் பவுனுவைப் பெண் பார்க்கக் கூடலூரிலிருந்து வந்தார்கள். முன்பே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. இதுவாவது கூடிவர வேண்டுமே என்று சுருளியாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. ஜவுளிக்கடை ஞானசிகாமணியிடம் போய், "மாப்பிள்ள வீட்டாரு உக்கார" என்று சொல்லி ஒரு ஜமுக்காளம் வாங்கி வந்தார்.

பெண்ணைப் பிடித்துவிட்டது. சாப்பாடும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் கர்ணன் ஏப்பம் விட்டபடி ஜமுக்காளத்தில் மெல்லச் சரிந்தார்.

சுருளியாண்டி தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்கக் கூடாது. இத உக்காரத்தான் கேட்டு வாங்கியாந்தேன். படுக்கன்னு கேக்கல. ஒரு எட்டுப் போயிக் கேட்டுட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் உக்காந்திருங்க."

அடுப்படியில் முருகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சரிந்தவர் சரிந்தபடியே பார்த்துக்கொண்டிருக்க, மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினார்.

போன வேகத்திலேயே மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "அண்ணாச்சி சரக்கெடுக்கத் தேனிக்குப் போயிட்டாகளாம். வர சாயங்காலம் ஆகும்னு சொன்னாக." கை கூப்பி வாசலிலேயே நின்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றத்தான் செய்தது. மகள் வாழ்க்கை அல்லவா. ஆனாலும் படுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அம்புட்டுத்தான் மரியாதை. கெளம்புங்க மச்சான், போவோம்," என்றார் கூட வந்த மைத்துனர். கதவுக்குப் பின்னால் பவுனுவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

கர்ணன் எழுந்தார். சுருளியாண்டியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம் தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து, பழைய மடிப்புக் கலையாமல் மடித்து, மைத்துனர் கையில் கொடுத்தார்.

"இது எங்க ஏலக்கா மொதலாளியோடது. தோள்ல போடத்தான் கேட்டு வாங்குனேன், தலைக்கு வைக்க இல்ல. உங்க துண்டக் குடுங்க, சம்பந்தி."

சொல்லிவிட்டு, ஜமுக்காளத்தை விட்டு இறங்கி வெறுந்தரையில் படுத்துக்கொண்டார். சுருளியாண்டி தம் துண்டை இரண்டு தடவை உதறி, நான்காக மடித்து, சம்பந்தியின் தலையைத் தூக்கி அடியில் வைத்தார்.